உறையை எடுப்பதா, விடுவதா? அக்காவின் சத்திரசிகிச்சைக்கு முன் நாங்கள் எடைபோட்ட வழிகள்

சிலிக்கன் பையை எடுத்துவிட வேண்டும் என்பதில் அக்காவுக்கும் எனக்கும் இரண்டாம் பேச்சே இருக்கவில்லை. புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை அகற்றிய பிறகு, கோயம்புத்தூரில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்து, அந்த மார்பகத்துக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொண்ட பை அது. மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தத்தால் அங்கே போன குடும்பம் பெரியம்மாவுடையது. அந்தப் பிரிவுக்காக எங்கள் அம்மா கடைசிவரை அழுதார். ஆனால் அக்காவுக்கு ஒரு கஷ்டம் வந்தபோது அந்த வீடுதான் கதவைத் திறந்துவைத்தது. பன்னிரண்டு வருடம் பை தொந்தரவு தரவில்லை. அப்புறம் மெல்ல மெல்லக் கல்லாக இறுகியது. இலங்கை மலையகத்தில் எங்கள் ஊரான ஹட்டன் குளிரில் விடியற்காலை எழும்பும்போதே வலி. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் மேல் வரியில் எழுதக் கையைத் தூக்க முடியவில்லை.

எங்களைத் தூங்கவிடாமல் செய்தது பை அல்ல, அதைச் சுற்றியிருந்த உறை. டொக்டர் 'கேப்சூல்' என்றதும் அக்கா மாத்திரையைத்தான் நினைத்தாள். அது உடம்பே கட்டுகிற ஒரு வடு. இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர் ஆகட்டும், சிலிக்கன் ஆகட்டும், வெளிப்பொருள் எது உள்ளே போனாலும் உடம்பு அதைச் சுற்றி நார் போன்ற ஒரு சவ்வை உண்டாக்கித் தனியாக ஒதுக்கி வைத்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு அது அவித்த முட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் தோலைப் போல மெல்லியதாக இருக்கும். சிலருக்குத் தடித்து, சுருங்கி, பையை நெரிக்கும். இதைப் பேக்கர் அளவில் 1 முதல் 4 வரை பிரிக்கிறார்கள். தொட்டால் மென்மையாக இருந்தால் 1. இறுகி, வடிவம் கெட்டு, வலிக்கவும் செய்தால் 4. அக்காவுக்கு 4. ஊரில் 'கரண்ட்' என்று சொல்லும் கதிர் சிகிச்சை எடுத்த மார்பில் இப்படி இறுகுவதற்கு வாய்ப்பு அதிகம். அக்கா அதையும் எடுத்திருந்தாள்.

பையை எடுக்கும்போது இந்த உறையை என்ன செய்வது என்பதற்கு நான்கு வழிகள் உண்டு. அப்படியே விடலாம். ஒரு பகுதியை எடுக்கலாம். முழுவதையும் எடுக்கலாம். அல்லது பையும் உறையும் அதை ஒட்டிய நல்ல தசையின் ஓர் ஓரமுமாக, பிரிக்காமல் ஒரே துண்டாக வெட்டி எடுக்கலாம். இந்தக் கடைசி வழிக்குப் பெயர் 'என் ப்ளொக்' (en bloc). இணையத்தில் அக்கா பார்த்த பேச்சுகளில் பாதி, இதைச் செய்யாவிட்டால் விஷம் உள்ளேயே தங்கிவிடும் என்று பயமுறுத்தின. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் ப்ளொக் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குரிய சொல். கட்டியைக் கீறாமல், சுற்றியுள்ள நல்ல தசையோடு சேர்த்து எடுப்பதற்கு வைத்த பெயர். நல்ல தசையைத் தொடாமல் உறையைக் கிழியாமல் முழுதாக எடுப்பது வேறு காரியம். பேச்சில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். உறையிலேயே உருவாகும் ஓர் அபூர்வ நிணநீர்ப் புற்றுநோய் இருக்கிறது. மார்பகப் பைகளுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011இல் சொன்னது. 2016இல் உலக சுகாதார அமைப்பு அதைத் தற்காலிகமாகத் தனி நோய் வகையாகப் பட்டியலிட்டது. அது பெரும்பாலும் சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளோடு சேர்ந்தே காணப்படுகிறது. அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகைப் பைகள் 2019 ஜூலையில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டதும் இதனால்தான். இந்த நோய் உறுதியானாலோ பலமான சந்தேகம் இருந்தாலோ மறுபேச்சில்லாமல் என் ப்ளொக்தான். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால், பலருக்கு அந்த ஒரு சத்திரசிகிச்சையே போதுமாகிவிடுகிறது.

அதை எப்படிச் சந்தேகிப்பது? பை வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்குவது, உள்ளே நீர் கோர்ப்பது, கட்டி தட்டுப்படுவது. அந்த நீரை ஊசியால் எடுத்து, இந்தப் புற்றுநோயின் செல்களைத் தேடும் 'சி.டி.30' என்ற சோதனைக்கு அனுப்ப வேண்டும். இதைப் பையை எடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். எந்தச் சத்திரசிகிச்சை என்பதே இந்த ரிப்போர்ட்டைப் பொறுத்துத்தான் தீர்மானமாகிறது. அக்காவுக்கு ஸ்கேனில் நீரும் இல்லை, கட்டியும் இல்லை. அதோடு என் ப்ளொக் எங்கள் பட்டியலிலிருந்து போய்விட்டது.

அடுத்தது முழுவதையும் எடுப்பது. இதில் நியாயம் நிறையவே இருக்கிறது. பை கிழிந்து சிலிக்கன் கசிந்திருந்தால் அது உறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். உறையோடு சேர்த்து எடுத்தால்தான் இடம் சுத்தமாகும். சுண்ணாம்பு படிந்து ஓடு மாதிரி ஆகிவிட்ட உறையை விட்டால் வலியும் இறுக்கமும் உள்ளேயே நிற்கலாம். மார்பகம் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே பார்க்கும்போது குழப்பமும் வரும். நாள்பட்ட கிருமித் தொற்று இருந்தாலும் எடுப்பதுதான் நல்லது.

ஆனால் உறையின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றல்ல. இதை எங்களுக்கு விளங்கவைத்தவர் கண்டியில் நாங்கள் சேனல் பண்ணி, அதாவது தனியாகப் பணம் கட்டி நேரம் எடுத்துப் பார்த்த பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர். மேசையில் கிடந்த மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்தே காட்டினார். பை மார்புத் தசைக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தால், உறையின் பின்பக்கம் நேராக விலா எலும்புகளின் மேலும் அவற்றுக்கு இடையிலுள்ள மெல்லிய தசைகளின் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அந்தப் பக்கம் நுரையீரல். உரித்தெடுக்கும்போது அந்தத் தசை கிழிந்தால் நுரையீரலைச் சுற்றிய இடத்துக்குள் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கலாம். அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் சின்ன விஷயமும் இல்லை. முன்பக்கத்தில் வேறு ஆபத்து. மார்பகத்தை ஏற்கெனவே எடுத்தவளுக்கு அங்கே இருப்பது மெல்லிய தோல் மட்டும்தான். கதிர் பட்ட தோலில் இரத்த ஓட்டமும் குறைவு. உறையை ஒட்டச் சுரண்டினால் தோல் கறுத்து அழுகிவிடலாம். இவற்றோடு நீண்ட நேர மயக்க மருந்து, கூடுதல் இரத்தக் கசிவு, பெரிய தழும்பு. என் ப்ளொக்கை வாய்கூசாமல் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு ஆற்றாமை.

முழுவதையும் விட்டுவிடுவது மிகவும் லேசான வழி. பையை மட்டும் எடுத்தால் மெல்லிய உறையின் இரண்டு சுவர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடம்பு அதைக் காலப்போக்கில் கரைத்துவிடலாம். சிலருக்கு அந்த இடத்தில் நீர் தேங்குவது உண்டு. மழமழப்பான பை, கிழியவில்லை, உறை மென்மை, வேறு குறி ஒன்றுமில்லை என்றால் இது முற்றிலும் நியாயமான முடிவு. மத்திய கிழக்கிலிருந்து வந்த எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திக்கு இப்படித்தான் செய்தார்கள், நன்றாக இருக்கிறாள். அக்காவின் கல்லான உறைக்கு இது பொருந்தவில்லை.

இந்த இடத்தில் அக்கா வேறொன்றைக் கேட்டாள். ஒரு வருடமாக அவளுக்குக் களைப்பு, மூட்டு வலி, எதையும் நினைவில் வைக்க முடியாத ஒரு மந்தம். பை வைத்த பெண்கள் பலரும் இப்படிச் சொல்கிறார்கள். இதற்கென்று உறுதியான சோதனை இல்லை. அதற்காக அவர்கள் சொல்வது பொய்யாகிவிடாது. என் அக்காவின் முகத்தைப் பார்த்தவள் நான். 2022இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு இதைத்தான் பார்த்தது. இப்படிப்பட்ட அறிகுறிகளோடு பையை எடுக்க வந்த பெண்களில் பலருக்கு, எடுத்த பிறகு அறிகுறிகள் குறைந்தன. உறையை முழுதாக எடுத்தவர்களுக்கும் ஒரு பகுதி எடுத்தவர்களுக்கும் முன்னேற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. களைப்புக்காக மட்டும் விலா எலும்பைச் சுரண்ட வேண்டியதில்லை என்று அக்காவுக்கு அதோடு தெளிவானது.

மிஞ்சியது ஒரு பகுதியை எடுப்பது. இங்கேதான் நாங்கள் அதிகம் தடுமாறினோம். அக்காவின் பை சொரசொரப்பு வகை. அதைத் தெரிந்துகொள்வதற்கே பட்ட பாடு பெரிது. பை வைத்த இடத்தில் கொடுத்த அட்டை தொலைந்துவிட்டது. திரும்பக் கேட்டால் பழைய கோப்பு இல்லை என்றார்கள். பெரியம்மாவின் மகன் நேரில் போய் நின்று, பழைய பில்லிலிருந்துதான் வகையைக் கண்டுபிடித்தார். பை வைத்திருக்கும் பெண்களுக்கு என் கெஞ்சல்: அந்த அட்டையைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள்.

சொரசொரப்பு வகை என்றால் முழுவதையும் எடுப்பதுதானே பாதுகாப்பு? நான் அப்படித்தான் வாதாடினேன். டொக்டரின் பதில் நேராக இருந்தது. அறிகுறி இல்லாதவரிடம் உறையை முழுதாக எடுத்துவிட்டால் அந்தப் புற்றுநோய் இனி வரவே வராது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. எஃப்.டி.ஏ.யும் அறிகுறி இல்லாதவர்கள் பயந்துபோய்ப் பைகளை எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் எப்படியும் திறக்கப்போகிறோம், உறையும் தடித்திருக்கிறது. ஆபத்தில்லாமல் வருகிற அளவுக்கு எடுப்பதில் அர்த்தம் உண்டு என்றார். கடைசியில் அக்கா அவரிடம் இப்படிச் சொன்னாள்: "முழுசா எடுக்கப் பாருங்க டொக்டர். எலும்போட ஒட்டியிருந்தா அந்த இடத்த விட்டுருங்க. ஆனா எடுத்தது ஒரு துண்டா இருந்தாலும் லேபுக்கு அனுப்புங்க." அவளுடைய நிலைக்கு இதைவிடச் சரியான முடிவு இருப்பதாக நான் இன்றும் நினைக்கவில்லை. முழுவதையும் எடுத்தே தீர வேண்டும் என்று டொக்டரின் கையைக் கட்டிப்போடுவது, உள்ளே திறந்து பார்க்கும்போது அவர் எடுக்க வேண்டிய முடிவை வெளியே இருந்துகொண்டு நாம் எடுப்பதாகிவிடும்.

லேப் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உறையில் ஸ்குவாமஸ் (தட்டையான மேற்படலச் செல்களில் தொடங்கும்) வகைப் புற்றுநோய் மிக அரிதாகக் காணப்பட்டதை எஃப்.டி.ஏ. 2022 செப்டம்பரில் அறிவித்தது. எடுத்த உறையை வாளியில் போட்டுவிட்டால் அப்புறம் எதைத் தேடுவது? சம்மதப் பத்திரம் சிங்களத்தில் இருந்தது. ஒரு தாதி வரிவரியாகத் தமிழில் வாசித்துச் சொன்ன பிறகே கையெழுத்து வைத்தோம். நீங்களும் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

மலையகத்துக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உறையை எடுத்தால் நீர் வடிவதற்கு டியூப் வைப்பார்கள், அது சில நாள் இருக்கும். எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து நாற்பது படி. மழையில் பாசி பிடித்த படிகளில் டியூபும் போத்தலுமாக ஏற முடியாது. ஆகவே டியூப் எடுக்கும்வரை கண்டியில் மாமா வீட்டிலேயே தங்கினோம். கொழுந்துக் கூடை சுமக்கிற, தண்ணீர் தூக்குகிற பெண்கள் எத்தனை வாரம் பாரம் தூக்கக்கூடாது என்பதை முன்கூட்டியே கேட்டு, தோட்டத்தில் லீவுக்கு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

சத்திரசிகிச்சையில் முன்சுவர் முழுவதும், பக்கங்களும் வந்தன. பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் இரண்டு விலா எலும்புகளோடு ஒட்டியிருந்ததால் விட்டுவிட்டார்கள். லேப் ரிப்போர்ட்டில் வெறும் வடுத்தசை, புற்றுநோய் இல்லை. விட்ட இடத்தை டொக்டர் அக்காவின் கிளினிக் புத்தகத்தில் படமாக வரைந்து, பக்கத்தில் திகதியும் போட்டுக் கொடுத்தார். ஐந்து வருடம் கழித்து யாராவது ஸ்கேன் எடுத்து, அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்து அவளைப் பயமுறுத்திவிடக்கூடாது என்பதற்காக.