கேம்பெல்ஃபீல்ட் கேரவன் யார்டு: வேன் ஓகே, வெயிட் கணக்கு மட்டும் நம்ம தலைல

மெல்போர்ன்ல கேரவன், அதான் கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டு போற வீட்டு வண்டி, வாங்கலாம்னு இருக்கவங்களுக்கு. கீழ வேன்னு சொல்றதும் அதத்தான். கேம்பெல்ஃபீல்ட் பக்கம் வரிசையா கேரவன் கம்பெனிங்க இருக்குல்ல, அதுல ஒரு யார்டுல மச்சானுக்கு ஒண்ணு எடுத்தோம், பேர் வேணாம். 5க்கு 3.5 குடுப்பேன். ஃபினிஷிங் சுத்தமா இருக்கு, ஜன்னல்லாம் டைட்டா மூடுது, பாத்ரூம் சின்னது ஆனா அந்த விலைக்கு அதான் வரும், டெலிவரி அன்னிக்கு ஒரு பெரியவர் கேஸ், தண்ணி, ஃப்ரிட்ஜ்னு எல்லாத்தையும் பொறுமையா காமிச்சாரு, கேட்டதயே திரும்ப கேட்டாலும் மூஞ்ச சுளிக்கல. மார்க் கொறஞ்சது எங்கன்னா, நம்ம கார் இத இழுக்குமான்ற கேள்விக்கு அங்க உருப்படியான பதில் கிடையாது.

மச்சான் வெச்சிருக்கறது டொயோட்டா க்ளூகர், ஏழு சீட் எஸ்யூவி. பிரேக் உள்ள டிரெய்லர்னா 2000 கிலோ, டோ பால் (வேன கார்ல மாட்டற குண்டு) மேல 200 கிலோ, டொயோட்டா குடுத்த லிமிட் அவ்ளோதான். சேல்ஸ் பையன் காமிச்ச மொத வேன்ல டேர் 1690, ஏடிஎம் (சாமான் எல்லாம் ஏத்தி வேன் மொத்தமா இருக்கலாம்ன்ற வெயிட்) 2100னு பிளேட்ல இருக்கு. "உங்க கார் ரெண்டு டன் இழுக்கும், இது 1700கூட இல்ல, நோ வொரீஸ் மேட்"னு ஒரே போடா போட்டான். யோவ், டேர்னா காலி வண்டியோட வெயிட்யா. 2000ல 1690 போனா 310. ரெண்டு தண்ணி டேங்க், ஒவ்வொண்ணும் 95 லிட்டர், ஃபுல் பண்ணா 190 கிலோ அங்கயே காலி. ரெண்டு 9 கிலோ சிலிண்டர்ல கேஸ் மட்டும் 18. மிச்சம் 102 கிலோல ஆனெக்ஸ் (வேன் பக்கத்துல மாட்டற கூடாரம்), டேபிள் சேர், எக்ஸ்ட்ரா பேட்டரி, போர்வை, துணிமணி, அரிசி, குக்கர், அதுல தங்கச்சி வேற இட்லி பாத்திரம் இல்லாம கேட்டையே தாண்டாது.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, நெறைய பேர் விட்டுடறாங்க. வேன் வெயிட்ல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு டோ பால் மேல உக்காரும், ரொம்ப கொறஞ்சா வேன் பின்னாடி ஆட ஆரம்பிச்சுடும். அந்த வெயிட்ட கார் தான் சுமக்குது, அதனால காரோட ஜிவிஎம், அதாவது ஆளு, லக்கேஜ் எல்லாம் ஏத்தி கார் மொத்தமா இருக்கலாம்ன்ற வெயிட், அந்த கணக்குல அதுவும் சேரும். ஏழு சீட் இருக்குன்னு ஏழு பேரும் ஏறி டிக்கியையும் ரொப்பி, மேல 200 கிலோவ பின்னாடி தொங்கவிட்டா எப்படி? பெரிய யூட் (பிக்கப் வண்டி) வெச்சிருக்கவங்களும் சிரிக்காதீங்க. 3500 இழுக்கும்னு விளம்பரத்துல இருக்கும், ஜிசிஎம் (வண்டியும் வேனும் சேந்து இருக்கலாம்ன்ற மொத்த வெயிட்) 6000னு வெச்சுக்கோங்க, 3500 போனா 2500, யூட் மட்டுமே 2200 வந்தா மீதி 300ல தான் ஆளுங்க, முன்னாடி மாட்டற புல் பார், பின்னாடி மூடற கேனோபி எல்லாம்.

நான் கார் மாடல், வருஷம், பிளேட் போட்டோ எல்லாம் போட்டு இது செட் ஆகுமான்னு யார்டுக்கு மெயில் போட்டேன். வாயால ஈஸியா போகும்னு சொன்ன அதே ஆளு எழுத்துல "கார் கம்பெனிகிட்ட செக் பண்ணிக்கோங்க"ன்னு அனுப்பினான். கான்ட்ராக்ட்லயும் பொடி எழுத்துல, இழுக்கற வண்டி பொருத்தமா இருக்கான்னு பாக்கறது வாங்கறவர் பொறுப்புன்னு ஒரு லைன். ஆஸ்திரேலியன் கன்ஸ்யூமர் லா படி, எதுக்கு வாங்கறோம்னு சொல்லி, கடைக்காரர் பேச்ச நம்பி வாங்கினா அது அதுக்கு உதவணும், அது நம்ம பக்கம் தான். அதனாலதான் எழுத்துல கேளுங்கன்னு சொல்றேன். ஆனா ரோட்ல ஓவர்லோடுல மாட்டினா ஃபைன் ஓட்டறவருக்குத்தான், யார்டுக்காரன் வந்து கட்டமாட்டான், ஆக்சிடென்ட்னா இன்ஷூரன்ஸ்காரனும் அதயே புடிச்சு தொங்குவான்.

கடைசில ஏடிஎம் 1750 உள்ள சின்ன வேன் எடுத்தோம். பங்க் பெட் (அடுக்கு கட்டில்) போச்சேன்னு பசங்க உர்ருன்னு இருந்தாங்க. வேன்ல எலெக்ட்ரிக் பிரேக் இருக்கு, ஆனா கார்ல கன்ட்ரோலர் மாட்டாம அது வேலையே செய்யாது, அத யார்டுல மாட்டி தரமாட்டாங்க, வெளில ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கிட்ட தனி செலவு. வேன் லைட்டுக்கு கார்லருந்து கரன்ட் போற பிளக் வேற, கார்ல 7 பின், வேன்ல 12 பின், பொருந்தாது, அதயும் முன்னாடியே யாரும் சொல்லல. எல்லாத்தையும் ஏத்திட்டு வே பிரிட்ஜ்ல (வண்டி எடை போடற இடம்) போட்டு பாத்தோம், லிமிட்டுக்குள்ள தான் இருக்கு, தண்ணி மட்டும் ஒரு டேங்க் தான் ரொப்பினோம்.

பங்க் பெட் வேணும்னு அடம்புடிக்கறவங்க மொதல்ல கார மாத்துங்க, அப்புறம் இந்த யார்டுக்கு போங்க. பேசினா விலை கொறைக்கறாங்க, ஆனெக்ஸ ஃப்ரீயா கேளுங்க, குடுப்பாங்க, ஆனா அதோட வெயிட்டயும் கேட்டுக்கோங்க.