கோனா, தண்ணீர்த் தடுப்பா?

சாலை வேலையிடத்தைச் சுற்றி கூம்பு வடிவக் கோன் வைப்பதா, தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்பு வைப்பதா? மலேசியாவின் கூட்டரசு நெடுஞ்சாலையில் இரவு வேலை எடுக்கும் நம் சின்னக் குத்தகையாளர்களுக்கு அடிக்கடி வரும் குழப்பம் இது.

செலவு: கோன் மலிவு. பிளாஸ்டிக் தடுப்புக்கு விலையோடு லோரி, தண்ணீர்ச் செலவும் சேரும்.

வேகம்: கோனை லோரியிலிருந்தே வரிசையாக இறக்கிவிடலாம். தடுப்பை அடுக்கி, பூட்டி, நிரப்ப நேரம் பிடிக்கும்.

காப்பு: இங்கேதான் பெரிய வித்தியாசம். கோன் வழி காட்டும், காரை நிறுத்தாது. தடுப்பும் காலியாக நின்றால், கார் இடித்த வேகத்தில் பறந்து வேலையாள் மேலேயே விழும். தண்ணீர் நிரப்பி, ஒன்றோடொன்று பூட்டினால்தான் பலம். அதிலும் மோதல் சோதனையில் தேறிய ரகமா என்று கேட்டு வாங்குங்கள். மற்றவை வெறும் வேலி. அப்புறம் மூடியை இறுக்க மறக்காதீர்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும்.

பொறுப்பு: வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலாளி கடமை தவறினால் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டாக இருந்தது, 2024 ஜூன் 1 முதல் 500,000. எதை வைத்தாலும் தினமும் படமெடுத்து நேரத்தோடு பதிந்து வையுங்கள்.

புல்வெட்டு, குழியடைப்பு போல நகர்ந்துகொண்டே செய்யும் வேலையா? கோன் சரி, ஆனால் பின்னால் மோதல்தாங்கி (இடிக்கும் காரின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் அமைப்பு) பொருத்திய லோரி கட்டாயம் வேண்டும். ஒரே இடத்தில் பல நாள் தோண்டுகிறீர்களா? யோசிக்காமல் தண்ணீர்த் தடுப்பை எடுங்கள்.