கெய்கர் கவுண்டர்: மணலுக்குக் கத்தியது, சிப்பிக்குக் கத்தவில்லை

முப்பத்தோரு வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்தவள் நான். அத்தனை வருடத்தில், அணு உடையும்போது வரும் கதிரைத் தட்டல் தட்டலாக எண்ணும் கெய்கர் கவுண்டர் ஒன்றைக் கையால் தொட்டதில்லை. கரும்பலகையில் ஒரு உருளை, நடுவே ஒரு கம்பி, 'உள்ளே மந்த வாயு' என்று வரைந்து காட்டி மதிப்பெண் வாங்க வைத்ததோடு சரி. ஓய்வு பெற்றபின் பேரன்தான் இணையத்தில் 3,800 ரூபாய்க்கு ஒன்று இருப்பதைக் காட்டினான். வாங்கி மூன்று மாதம் ஆகிறது. விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏறக்குறைய இதே பலகையைப் பல பெயரில் விற்கிறார்கள்.

பெட்டியில் வருவது ஒரு சர்க்யூட் போர்டு, அதன்மேல் இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே ஜே305 என்ற கண்ணாடிக் குழாய், ஒரு சின்ன திரை, காதைத் துளைக்கும் பஸ்ஸர். உறை கிடையாது. இது பெரிய குறை, ஏனென்றால் அந்தக் கிளிப்பில் 400 வோல்ட் அளவுக்கு இருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவுதான். ஆனாலும் பேரன் ஒரு தடவை தெரியாமல் விரலை வைத்துவிட்டு "பாட்டீ" என்று போட்ட சத்தம் தக்கலை முழுக்கக் கேட்டிருக்கும். அன்று மாலையே ஒரு பழைய சோன்பப்டி டப்பாவில் துளை போட்டு உள்ளே உட்கார வைத்துவிட்டேன்.

வீட்டில் முதல் நிமிடம் 22 தட்டல் எண்ணியது. அடுத்தது 31, அதற்கடுத்தது 19. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தவர், 31 வந்த நேரத்தில் முகம் மாறிப்போனார். இந்தக் கருவியை வாங்குகிற பலரும் மிரள்வது இந்த இடத்தில்தான். சும்மா இருக்கும் சுவரும் தரையும் பாறையும் வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிரும் சேர்ந்து எப்போதும் ஏதாவது தட்டிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை 25 என்றால் அதன் வர்க்கமூலம் 5. அவ்வளவு மேலே கீழே ஆடுவது இயல்பு, சில நேரம் அதற்கு மேலும் ஆடும். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். எனக்கு 243 வந்தது, வர்க்கமூலம் 16க்குள். அதாவது ஆட்டம் 20 சதவீதத்திலிருந்து ஆறரை சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. குழாய் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பரணில் கிடந்த பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டிலை, அதுதான் விளக்கில் சூடேறி ஒளிவிடும் வலைப்பை, அருகே கொண்டு போனேன். பொரிகடலை வறுக்கிற மாதிரிச் சத்தம். எல்லா மேண்டிலிலும் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்காது; என்னுடையதில் இருந்தது.

மேண்டில் என்றதும், தோரிய மணல் கிடக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போகாமல் இருக்க முடியுமா? ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் நம் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தோரியக் கனிமம் இருப்பதைக் கண்டதே, திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் என்பார்கள். அன்றைக்குத் தோரியத்துக்குக் கிராக்கி அணு உலைக்காக இல்லை, விளக்கு மேண்டிலுக்காக. கரையில் கறுப்பாக வரி வரியாகத் தெரிவதை எல்லோரும் தோரியம் என்று காட்டுவார்கள். கறுப்பாக இருப்பது இல்மனைட் என்ற வேறு கனிமம். மோனசைட் தேன் நிறத்தில் அதற்குள் கலந்து கிடக்கிறது. இரண்டுமே கனம் என்பதால் அலை லேசான மணலை இழுத்துப் போய்விட்டு இவற்றை ஓரிடத்தில் விட்டுவிடுகிறது.

அங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மதிய வெயில். டப்பாவைத் திறந்து மணல்மேல் பிடித்தால் நிமிடத்துக்கு 900க்கு மேல் ஓடுகிறது. எனக்கே நெஞ்சு படபடத்தது. கூட வந்த பேரன் வெயில் தாங்காமல் குடையை விரித்தான். குடை நிழல் விழுந்ததும் எண்ணிக்கை சரிந்தது. அப்போதுதான் உறைத்தது, ஒளி புகும் கண்ணாடிக் குழாய், வெயிலையே எண்ணிக்கொண்டிருக்கிறது! கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியபின் கறுப்பு வரியின்மேல் 190, பத்தடி தள்ளி வெள்ளை மணலில் 60. இந்தக் குழாயை வாங்குகிறவர்கள் முதலில் டேப் வாங்குங்கள். அப்புறம், ஒரு பிடி மணல்கூட எடுத்து வரவில்லை. மோனசைட் அணுசக்திச் சட்டத்துக்குள் வரும் பொருள்.

திரையில் மைக்ரோசீவர்ட் கணக்கு ஒன்று ஓடும், உடல் வாங்கும் கதிரின் அளவு அது. அதை நம்பாதீர்கள். பெரும்பாலும் சீசியம் போன்ற ஒரு குறிப்பிட்ட மூலத்தை வைத்துப் போட்ட பெருக்கல் எண் அது. தோரியம் மணலிலிருந்து வருவதோ பல சக்தி கொண்ட பீட்டாக் கதிரும் காமாக் கதிரும் கலந்த கூட்டம். எண்ணிக்கையை எண்ணிக்கையாகவே வைத்து ஒப்பிடுவதுதான் யோக்கியமான வேலை.

பணம் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த நிஜமான சந்தோஷம் பஸ்ஸர் சத்தத்தில் இருந்தது. பேரன் பள்ளிக்காக ஒரு இரட்டை ஊசல் செய்திருந்தான், ஒரு ஊசலின் நுனியில் இன்னொரு ஊசல். ஒரே உயரத்திலிருந்து விட்டாலும் ஒரு தடவை ஆடியது போல் மறு தடவை ஆடாது. தொடக்கத்தில் மயிரிழை மாறினாலும் முடிவு தலைகீழாவதைத்தான் கேயாஸ் என்பார்கள். "பாட்டி, அதுவும் கேயாஸ், இதுவும் கேயாஸா?" என்று கவுண்டரைக் காட்டினான். இல்லை மக்ளே. 1961இல் எட்வர்டு லோரன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் தன் வானிலைக் கணக்கைக் கணினியில் மறுபடி ஓட்டியபோது 0.506127 என்பதற்கு 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வானிலையே வேறாகிவிட்டது. அங்கே விதி கறாரானது, தொடக்கத்தை அச்சுப் பிசகாமல் கொடுத்தால் முடிவும் அச்சுப் பிசகாது. நம்மால் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்தத் தட்டலில் அப்படித் திருத்திக்கொள்ள ஒரு தொடக்கமே இல்லை. 1,400 கோடி வருட அரை ஆயுள் (அதாவது பாதி அணுக்கள் உடைய ஆகும் காலம்) கொண்ட தோரியம் அணுவில் பழையது புதியது கிடையாது; நேற்று உடையவில்லை என்பதற்காக இன்று உடையும் வாய்ப்பு கூடுவதும் இல்லை.

பலகையிலிருந்து வரும் துடிப்பை ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையில் இணைத்து, இரண்டு தட்டலுக்கு இடையே எத்தனை நேரம் என்று ஓர் இரவு முழுக்கப் பதிவு செய்தோம். காலையில் கிராஃப் தாளில் போட்டால் மிகக் குட்டி இடைவெளிகள்தான் அதிகம், பிறகு வளைந்து வளைந்து இறங்குகிறது. சேர்ந்து சேர்ந்து தட்டுகிற மாதிரிக் காதுக்குக் கேட்பது அதனால்தான்.

இதற்கு நேர்மாறான ஒரு படத்தையும் அவனுக்கு வரைந்து காட்டினேன். யுரேனியம், தோரியம் போன்ற கனமான அணுக்கருக்களில் மெதுவான நியூட்ரானை மோதவிட்டால் சில சக்திகளில் மட்டும் ஆவலாக விழுங்கும். அந்தச் சக்திகளை, அதாவது கருவின் ஆற்றல் மட்டங்களை, வரிசையாக வைத்து இடைவெளிகளை எண்ணினால் குட்டி இடைவெளி அபூர்வம். பேருந்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் ஒட்டாமல் உட்காருகிற மாதிரி, ஒன்றையொன்று தள்ளி நிற்கும். 1950களில் விக்னர் என்ற இயற்பியலாளர் இதற்கு ஒரு சூத்திரத்தை ஊகித்தார். கருவுக்குள் நடப்பதைத் துல்லியமாகக் கணக்கிட வழியில்லாததால், எண்களைத் தாறுமாறாக நிரப்பிய அணியை (மேட்ரிக்ஸ்) எடுத்துக்கொண்டார். 1984இல் போஹிகாஸ், ஜியானோனி, ஷ்மித் மூவரும் அதே இடைவெளிப் படம் வேறோர் இடத்தில், கேயாஸ் பலகையில் அடைபட்ட ஒரு துகளின் ஆற்றல் மட்டங்களில், கிடைப்பதைக் காட்டினார்கள். கேரம் போர்டு நடுவே ஒரு வட்டத் தூணை நட்டுவிட்டு, உருளும் காய்க்குப் பதில் ஒரு குவாண்டம் துகளை விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காயாக இருந்தால் அந்தத் தூணில் பட்டுப் பட்டுக் கேயாஸ் ஆகிவிடும் பலகை அது. ஆக கேயாஸின் கைரேகை கருவின் ஆற்றல் மட்டங்களில் இருக்கிறது, அது உடையும் நேரத்தில் இல்லை. இதை வகுப்பில் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை, பாடத்திட்டத்தில் இல்லை.

இனி சிப்பி. குளச்சலில் வழக்கமாக வாங்கும் அக்காவிடம் ஓடோடு அரைக் கூடை வாங்கினேன், நம் பக்கத்துப் பழுப்புச் சிப்பி. டப்பாவைக் கிட்டே வைத்ததும் "டீச்சரே, சிப்பியில அது என்னத்த பாக்குது?" என்று கேட்டாள். நானும் பெரிய நம்பிக்கையோடுதான் போனேன். சிப்பி ஒரு மணி நேரத்துக்கு ஓரிரு லிட்டர் கடல்நீரை வடிகட்டித் தின்னும் உயிர். தண்ணீரில் இருக்கும் உலோகம், பூச்சிமருந்து, கதிரியக்கப் பொருள் எல்லாம் அதன் உடலில் சேரும். பாறையை விட்டு நகராது என்பதால் எந்த இடத்து அழுக்கு என்றும் சொல்லிவிடலாம். 1975இல் எட்வர்டு கோல்ட்பெர்க் என்ற கடல் வேதியியலாளர் உலகக் கடற்கரைகளைச் சிப்பியை வைத்துக் கண்காணிக்கலாம் என்று முன்வைத்தது இதை நம்பித்தான். (அது பாறையில் பிடித்துக்கொள்ளும் தாடி நாரைப் பிய்த்திருக்கிறீர்களா? ஈரத்திலும் ஒட்டும் அந்தப் பசையின் புரதத்தை ஹெர்பர்ட் வெயிட் 1980களின் தொடக்கத்தில் பிரித்துப் பார்த்ததிலிருந்து வேதியியலாளர்கள் அதைப் போலச் செய்ய முயன்றுகொண்டே இருக்கிறார்கள். என் சமையலறையில் அது வெறும் தலைவலி.)

பத்து நிமிடம் சிப்பி இல்லாமல் 239. சிப்பியின்மேல் 246. அதாவது ஒன்றுமே இல்லை.

சிப்பியில் இயல்பாகவே முக்கியமாகச் சேர்வது பொலோனியம்-210, குறிப்பாக அதன் செரிமானச் சுரப்பியில். யுரேனியம் படிப்படியாக உடைந்து வேறு வேறு தனிமமாகும் வரிசையில் பிறப்பது, உலகத்தில் எந்தக் கடலிலும் இருப்பது. அது உடையும்போது வெளியே விடுவது கிட்டத்தட்ட ஆல்பா என்ற கனத்த துகள் மட்டும்தான். ஆல்பா ஒரு காகிதத்தைத் தாண்டாது, இந்தக் குழாயின் கண்ணாடியை எங்கே தாண்டும்! மணலிலும் ஆல்பா உண்டு. தோரியம்-232 காரீயம்-208 ஆகும் வழியில் ஆறு ஆல்பா வருகிறது. அவற்றில் ஒன்றையும் இந்தக் கருவி கேட்கவில்லை. கூடவே வரும் பீட்டாவையும் காமாவையும்தான் கேட்டது.

அந்த மணல் வரிசையிலும் ஒரு பொலோனியம் உண்டு, 212. அதன் அரை ஆயுள் ஒரு விநாடியில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு. சிப்பிக்குள் இருக்கும் 210க்கோ 138 நாள். இரண்டே நியூட்ரான் வித்தியாசம்! மரியா கோப்பர்ட் மேயர், ஜென்சன் என்ற இயற்பியலாளர்கள் 1949இல் விளக்கிய மாய எண்கள்தான் காரணம். 82, 126 போன்ற எண்ணிக்கையில் கருவின் கூடுகள் நிறைந்து இறுகிவிடும். காரீயம்-208இல் புரோட்டான் 82, நியூட்ரான் 126, இரண்டும் மாய எண். பொலோனியம்-212 அதன்மேல் இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் தொற்றிக்கொண்டிருப்பது. அந்த நான்கும் சேர்ந்தால் அதுவே ஒரு ஆல்பா, உதறிவிடக் காத்திருக்கிறது. 210இல் நியூட்ரான் சரியாக 126. ஆல்பாவை விட வேண்டுமானால் நிறைந்த அந்தக் கூட்டிலிருந்தே இரண்டைப் பிய்க்க வேண்டும். அதனால் தயங்குகிறது.

"அப்போ திங்கலாமா டீச்சரே?" என்றாள் அக்கா. இந்தக் கருவி பேசாமல் இருப்பது எதற்கும் சாட்சி இல்லை, ஆனால் இந்தப் பொலோனியம் நம் பாட்டிமார் தின்ற சிப்பியிலும் இருந்ததுதான் என்றேன். அளந்துதான் ஆக வேண்டுமென்றால் சதையை அமிலத்தில் கரைத்து, பொலோனியத்தை வெள்ளித் தகட்டில் படியவிட்டு, சிலிக்கான் கருவியில் எண்ண வேண்டும். அது ஆய்வகத்து வேலை. அன்று ராத்திரி தேங்காயும் நல்லமிளகும் அரைத்துச் சிப்பி வறுத்தேன்.

இயற்பியல் ஆசிரியர்கள், கிராஃப் போடச் சலிக்காத பிள்ளைகள் இருக்கும் வீடுகள் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். உறை இல்லாததற்கு ஒன்று, வெயில் விஷயத்தை மறைத்ததற்கு அரை கழித்துக்கொண்டேன். மீன், தண்ணீர், காய்கறியைச் சோதிக்க என்று யாராவது இதை விற்றால் நகர்ந்துவிடுங்கள். ஆல்பா வேண்டுமென்றால் மைக்கா ஜன்னல் வைத்த குழாய் தேட வேண்டும். விலை பல மடங்கு, அதுவும் சிப்பியின் சதைக்குள் இருப்பதை எட்டாது. பஸ்ஸரை அணைக்க இதில் சுவிட்ச் இல்லை, அதன்மேல் செல்லோ டேப் ஒட்டியிருக்கிறேன்.