சிமோயா, ஓ2-வா? ஹெட்ஃபோன் ஆம்ப் கட்டக் கிளம்புகிறவர்களுக்கு

சொந்தமாக ஹெட்ஃபோன் ஆம்ப் (ஹெட்ஃபோனுக்குப் போகும் சிக்னலுக்கு வலுச் சேர்க்கும் பெருக்கி) கட்டலாம் என்று யார் ஆரம்பித்தாலும் முதலில் கேட்பது "எந்த ஐசி நல்லா இருக்கும்?" என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு ஆம்ப் கட்டி, அதில் ஒன்றுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தொலைத்த பிறகு சொல்கிறேன், ஐசி (சிப்) கடைசிக் கேள்வி. ஹெட்ஃபோனிலிருந்து திரும்பி வருகிற கிரவுண்டு ஒயர் (பூஜ்ய வோல்ட் ஒயர்) எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் முதல் கேள்வி. பாட்டு சிக்னல் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடுகிறது. பேட்டரிக்கோ பிளஸ், மைனஸ் என்று இரண்டே முனை, நடுவில் பூஜ்யம் என்று ஒன்று கிடையாது. அந்தப் பூஜ்யத்தை எப்படிச் சம்பாதிக்கிறோம் என்பதில்தான் சிமோய், ஓ2 முதலான டிசைன்கள் எல்லாம் பிரிகின்றன.

மலிவானவற்றை முதலில் ஒதுக்கிவிடுவோம். சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஹெட்ஃபோன் ஆம்ப் என்று கேட்டேன். "இத வெச்சிக்கோங்க சார், மூணு வாட்ஸ், சும்மா அதிரும்" என்று பிஏஎம்8403 என்ற ஸ்பீக்கர் ஆம்ப் போர்டு ஒன்றைக் கையில் திணித்தார்கள். வேண்டாம். அது ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையும் தள்ளி இழுக்கிற வகை, அதில் எந்த முனையும் கிரவுண்டு இல்லை. நம் ஹெட்ஃபோன் பின்னிலோ இடது, வலது இரண்டின் மைனஸும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது, செருகினால் இரண்டு அவுட்புட் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். எல்எம்386 என்ற ஆம்ப் ஐசி அந்த அளவுக்கு மோசமில்லை. அவுட்புட்டில் ஒரு கெபாசிட்டர் போட்டு கிரவுண்டு சிக்கலைத் தாண்டிவிடுகிறது. ஆனால் அதன் குறைந்தபட்ச கெயினே (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்கும் என்பது) 20. ஃபோனிலிருந்து வரும் சிக்னலுக்கு அது ரொம்ப அதிகம், ஸ்பீக்கரில் காதில் விழாத இரைச்சல் ஹெட்ஃபோனில் தூரத்து மழை மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும்.

மிச்சம் நிஜப் போட்டி சிமோய், ஓ2 இரண்டுக்கும்தான்.

சிமோய், சூ மோய் என்பவர் தொண்ணூறுகளின் கடைசியில் வெளியிட்ட சர்க்யூட். ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரே ஒரு ஓபிஏ2134 ஐசி, கை விரல்களால் எண்ணிவிடக்கூடிய சில பாகங்கள், ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும். பூஜ்யத்தை இது ஏமாற்றித்தான் உண்டாக்குகிறது. பேட்டரிக்குக் குறுக்கே இரண்டு 4.7 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், இரண்டு 220 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போட்டு, நடுப்புள்ளியைக் கிரவுண்டு என்று வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த நடுப்புள்ளி திடமானதல்ல, 32 ஓம் ஹெட்ஃபோன் கரண்டை இழுக்கும்போது ஆடும். ஓபிஏ2134 தருவதும் 35 மில்லி ஆம்பியர் அளவுதான், 32 ஓமில் ஒரு வோல்ட் சொச்சத்திலேயே தலை முட்டிவிடும். 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு இந்தச் சிக்கல் குறைவு, அங்கே கரண்டு அதிகம் வேண்டாம்.

என் ஞாயிற்றுக்கிழமை போனது டப்பாவில். எவர்சில்வர் டப்பாவில் துளை போடப் போய் இரண்டு ட்ரில் பிட் மழுங்கின. அப்புறம் பாட்டியின் பழைய பித்தளை வெற்றிலைப் பெட்டியைக் கேட்டேன், "அதுல ஓட்டை போட்டா வெத்தலைய எங்கடா வைப்பேன்?" என்று ஒரு வாரம் இழுத்துவிட்டுக் கொடுத்தார். எல்லாம் பொருத்தி ஆன் செய்தால் பாட்டு கிழிந்து கிழிந்து வருகிறது. வெளியே எடுத்து மேசையில் வைத்தால் சுத்தமாகப் பாடுகிறது, பெட்டிக்குள் வைத்து நட்டை முடுக்கினால் மறுபடியும் கிழிகிறது. சாயங்காலம்தான் பிடிபட்டது: ஹெட்ஃபோன் ஜாக்கின் உலோக உடம்பு பொய்க் கிரவுண்டு, அடாப்டர் சாக்கெட்டின் உலோக உடம்பு பேட்டரி மைனஸ், இரண்டையும் பித்தளை சேர்த்து வைத்துவிட்டது. பிளாஸ்டிக் உடம்புள்ள சாக்கெட் போட்டதும் சரியாகிவிட்டது. சிமோயை உலோகப் பெட்டியில் வைக்கிறவர்கள் இதை ஒரு தரமாவது செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பொறி. ஓபிஏ2134 கிடைக்காவிட்டால் "5532 போடுங்க சார், அதுவும் ஆடியோ ஐசிதான்" என்பார்கள். நல்ல ஐசிதான், ஆனால் இந்த சர்க்யூட்டுக்கு இல்லை. 5532-இன் இன்புட் 200 நானோ ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அது இன்புட்டில் இருக்கும் 100 கே ரெசிஸ்டர் வழியாகப் போனால் 20 மில்லி வோல்ட். மூல சிமோயின் கெயின் 11, டிசியையும் (ஆடாமல் நிற்கும் வோல்டேஜையும்) அது அப்படியே பெருக்கும். ஆக 220 மில்லி வோல்ட் டிசி நேராக ஹெட்ஃபோனில் உட்காரும். யாருடைய ஐசியாக இருந்தாலும் ஹெட்ஃபோன் செருகும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 20 மில்லி வோல்ட்டைத் தாண்டினால் செருக வேண்டாம். கெயின் 11-உம் இன்றைக்குத் தேவையில்லை. நான் கெயினைத் தீர்மானிக்கும் 10 கே ரெசிஸ்டருக்குப் பதில் 3.3 கே போட்டு 4.3 ஆக்கிக்கொண்டேன், வால்யூம் நாப் இப்போது பாதி வரைக்குமாவது போகிறது.

ஓ2 வேறு மாதிரி ஆள். 2011-இல் என்டபிள்யூஏவிகை (NwAvGuy) என்ற பெயரில் எழுதிய ஒருவர் சர்க்யூட், பிசிபி, அளவீடு எல்லாவற்றையும் பொதுவில் வைத்தார், அடுத்த வருஷம் சத்தமில்லாமல் காணாமல் போனார், யார் என்று இன்றுவரை தெரியாது. இதில் ஏமாற்றுப் பூஜ்யம் கிடையாது. இரண்டு 9 வோல்ட் பேட்டரி, அல்லது ஏசி அடாப்டரிலிருந்து 7812, 7912 ரெகுலேட்டர்கள் மூலம் பிளஸ் 12, மைனஸ் 12. கிரவுண்டு நிஜமான கிரவுண்டு. அவுட்புட்டில் சேனலுக்கு (இடது, வலது) ஒரு என்ஜேஎம்4556 ஐசி, உள்ளே இருக்கும் இரண்டு பாதியும் ஜோடி சேர்ந்து வேலை செய்யும், ஒவ்வொன்றும் 70 மில்லி ஆம்பியர். இரண்டு பேட்டரியில் ஒன்று முதலில் தீர்ந்தால் டிசி ஹெட்ஃபோனுக்குப் போய்விடுமே என்று, இரண்டையும் சேர்த்தே அணைக்க ஒரு தனிச் சர்க்யூட்டும் வைத்திருக்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்த இடம் அது.

தொல்லை பாகம் வாங்குவதில். "4556 இல்ல சார், 4558 இருக்கு, ஒண்ணுதான்" என்றார் ஒருவர். ஒன்றில்லை, 4558 அந்தக் கரண்டைத் தராது. ஆன்லைனில் வரவழைத்தேன். ஏசி வெளியே தரும் அடாப்டரும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் டிசி அடாப்டர், அது இதற்கு உதவாது. 15-0-15 ட்ரான்ஸ்ஃபார்மர் (நடு முனையிலிருந்து இரு பக்கமும் 15 வோல்ட் தருவது) வாங்கி ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். 12-0-12 தான் எல்லாக் கடையிலும் தொங்குகிறது, ஆனால் அதன் பாதியை அரை அலையாகத் திருத்தினால் (அலையின் பாதியை மட்டும் பிடித்து டிசியாக்கினால்) 16 வோல்ட் உச்சம்தான், மே மாதத்தில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடி லைன் வோல்டேஜ் இறங்கும்போது 7812 மூச்சு வாங்கும், ஹம் என்ற உறுமல் எட்டிப் பார்க்கும்.

கிளாஸ் ஏ (பாட்டு இல்லாதபோதும் கரண்டு ஓடிக்கொண்டே இருக்கும் ஆம்ப் வகை) கேட்பவர்களுக்கு: ஜான் லின்ஸ்லி ஹுட் என்ற ஆங்கிலேய ஆடியோ டிசைனர் 1969-இல் போட்ட சர்க்யூட்டின் குட்டிகள் நிறைய உண்டு, ஒலி அருமை என்கிறார்கள். பாட்டு ஓடாவிட்டாலும் ஹீட்சிங்க் சுட்டுக்கொண்டே இருக்கும். சென்னை வெயிலில் இன்னொரு அடுப்பு எதற்கு.

என் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. வெற்றிலைப் பெட்டி பீச் – தாம்பரம் ரயிலில் என்னோடு வருகிறது, ஓ2 மேசையை விட்டு நகராது. ஒன்றே ஒன்றுதான் கட்டுவேன் என்றால் ஓ2 கட்டுங்கள். சால்டரிங் ஐயர்ன் பிடித்தே பழக்கமில்லை என்றால் முதலில் சிமோய், தப்பு செய்தாலும் போவது ஒரு பேட்டரி.

வால்யூம் பாட் (நாபுக்குக் கீழே இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) வாங்கும்போது ஏ10கே (காதுக்கு ஏற்ற லாக் வகை) என்று அடித்திருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். எனக்குக் கொடுத்தது பி10கே (நேர்கோட்டு வகை), நாபைக் கால் சுற்று திருப்புவதற்குள் காது அடைத்துவிட்டது.