நாலு காயில் மாற்றியதாக பில், மாறியிருந்தது ஒன்றுதான்

என்ஜினை ஓடவிட்டு நிறுத்தி வைத்திருக்கும்போது கார் குலுங்க ஆரம்பித்தது. மேடு ஏறினால் இழுவை இல்லை, என்ஜின் லைட் வேறு சிமிட்டியது. ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் போட்டதும் பி0303 என்று எரர் கோடு வந்தது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். எந்தப் பாகம் போனது என்று அது சொல்லாது. எனக்கு அப்போது இது தெரியாது. "நாலு காயில், நாலு பிளக், செட்டாகவே மாத்திடலாம் சார்" என்றார்கள். பெட்ரோலை எரிக்கும் பொறியைத் தருவது பிளக், அதற்குக் கரண்ட் கொடுப்பது காயில், சிலிண்டருக்கு ஒவ்வொன்று. தலையாட்டினேன். பழைய பாகங்களைக் கேட்டால், ஸ்கிராப்பில் போட்டாச்சாம். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஒன்றரை மாதத்தில் திரும்பவும் அதே குலுக்கல், அதே எரர் கோடு. இந்த முறை பானெட்டைக்கூடத் திறக்காமல் "ஈசிஎம் போயிடுச்சு" என்றார்கள், அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு, வண்டியையே தள்ளிவிடலாமா என்று யோசித்தேன்.

நல்ல வேளையாக, தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். என்ஜின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தார். வரிசையாக நாலு காயில். மூன்றாவது மட்டும் கன்னங்கரேலென்று பளபளத்தது. மற்ற மூன்றும் தூசி அப்பிப்போய், பல வருடமாக யாரும் கை வைக்காத மாதிரி இருந்தன. பிளக்கும் அப்படித்தான். மூன்றாவது புதுசு, மற்றவை முனை தேய்ந்த பழசு.

ஆனால் அந்தப் புதுக் காயிலை உருவினால், அடியில் இருக்கும் ரப்பர் ஆயிலில் ஊறி உப்பியிருந்தது. பிளக் குழிக்குள் ஆயில் தேங்கிக் கிடந்தது. என்ஜினின் மேல்மூடியில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் டேப்பட் கவர் பேக்கிங் கசிந்திருக்கிறது. அந்த ரப்பரின் உள்பக்கத்தில் மேலிருந்து கீழே பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு. கரண்ட் பிளக் முனைக்குப் போகாமல் அந்த வழியாக என்ஜின் பாடிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. முதல் தடவை கழற்றியபோதே இந்த ஆயில் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

ஈசிஎம் கதையை அவர் ஐந்து நிமிடத்தில் முடித்தார். ஆயிலைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஒன்றாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றினார். ஸ்கேனரில் எரர் கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினோம். பி0301 வந்தது, அதாவது ஒன்றாவது சிலிண்டர். கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. ஈசிஎம் மேல் தப்பு இருந்தால் அது மூன்றாவதிலேயே நின்றிருக்கும். பேக்கிங், ஒரு காயில் ரப்பர், பிளக் செட், வேலை முடிந்தது.

யாராவது செட்டாக மாற்றச் சொன்னால், முதலில் இந்த இடம் மாற்றும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். எரர் கோடை அழிக்கும் முன் போட்டோ எடுங்கள், பழைய பாகங்களை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். லைட் சிமிட்டினால் மட்டும் ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதன் விலைக்கு முன்னால் காயில் எல்லாம் ஒன்றுமே இல்லை.

போட்டோக்களோடு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். "அந்த வேலையைச் செஞ்ச பையன் இப்போ இல்ல சார்" என்றார்கள். பில்லில் யார் கையெழுத்து என்று கேட்டேன். டீ சாப்பிடுறீங்களா என்றார்கள்.