சி டிரைவ் நிறைந்து டி டிரைவ் காலியாகக் கிடந்தால் எதை எங்கே மாற்றுவது?

மஸ்கெலியாப் பக்கமிருந்து ஒரு டீச்சர், சிபியூவைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஹட்டனிலுள்ள நம்ம கொம்பியூட்டர் கடைக்கு வந்திருந்தார். "தம்பி, வினாத்தாளை சேவ் பண்ண விட மாட்டேங்குது. ஃபோர்மட் அடிக்காம ஏதும் செய்ய ஏலுமா?"

80 ஜிபி ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் 20 ஜிபி, அதில் மிச்சம் 300 எம்பிகூட இல்லை. டியில் 54 ஜிபி, நாலைந்து படங்களைத் தவிர ஒன்றுமில்லை. அதற்கு முந்திய விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணக்கில் பிரித்த டிஸ்க் இது. 32 பிட் விண்டோஸ் 7 ஏற்றவே 16 ஜிபி இடம் வேண்டும் என்பது மைக்ரோசொஃப்ட் சொன்ன கணக்கு. மலையகத்தில் பல வீட்டுக் கொம்பியூட்டர்கள் இந்த நிலைமையில்தான் கடைக்கு வந்தன.

சிலர் செய்யும் முதல் வேலை, புரோகிராம் ஃபைல்ஸ் போல்டரிலிருந்து ஒரு சொஃப்ட்வெயாரை அப்படியே வெட்டி டியில் ஒட்டுவது. இதை வழிகளின் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். போல்டர் போய்விடும், ஆனால் விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியிலும் ஷோர்ட்கட்டிலும் பழைய விலாசம் அப்படியே நிற்கும். சொஃப்ட்வெயார் திறக்காது, ஒழுங்காக அழிக்கவும் விடாது.

டேட்டாவை மட்டும் நகர்த்துவதுதான் எல்லாவற்றிலும் லேசு, ஆபத்தும் குறைவு. டியில் முதலில் ஒரு போல்டர் செய்துகொள்ளுங்கள். பிறகு மை டொக்கியூமென்ட்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். எக்ஸ்பி என்றால் லொகேஷனுக்குப் பதில் டார்கெட் என்றிருக்கும். வர்ட் உட்பட எல்லாம் தானாகவே புது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். போல்டர் செய்யாமல் டியையே காட்டிவிட்டால், முழு டிரைவும் டொக்கியூமென்ட்ஸ் ஆகிவிடும். திருப்பி எடுப்பது பெரிய தலையிடி.

சொஃப்ட்வெயாரையும் நகர்த்தியே ஆகவேண்டும் என்றால், ஒன்று அதை அன்இன்ஸ்டோல் செய்துவிட்டு டியில் திரும்ப இன்ஸ்டோல் செய்யலாம், இல்லாவிட்டால் ஜங்ஷன் போடலாம். திரும்ப இன்ஸ்டோல் செய்வது சுத்தமான வேலை. சீடி கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நம்ம ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காத சீடி எத்தனை வீட்டில் இருக்கும்? சீடி இருந்தாலும், டியில் போடச் சொன்ன சொஃப்ட்வெயார் ஒரு பங்கைச் சியில் போடாமல் விடாது. 1 ஜிபி மிச்சம் என்று நினைத்தால் முக்கால்தான் கிடைக்கும்.

ஜங்ஷன் என்பது, தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு வரும் கடிதம் முதலில் தோட்டத்து ஒப்பீசுக்கு வந்து அங்கிருந்து வீட்டுக்குப் போகிற மாதிரி. சொஃப்ட்வெயார் பழைய விலாசத்தைத்தான் கேட்கும், விண்டோஸ் அதை டிக்கு அனுப்பிவிடும். போல்டரை டிக்குக் கொப்பி செய்து, சியில் இருப்பதன் பெயரை மாற்றிவைத்து, பழைய பெயரில் எம்கேலிங்க் கட்டளையால் ஜங்ஷன் போடவேண்டும். கட்டளையில் முதலில் பழைய இடம், அப்புறம் புது இடம். பலர் தடுமாறுவது இங்கேதான். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பிறகே பெயர் மாற்றிவைத்ததை அழியுங்கள். ஜங்ஷன் போடும் டிரைவ் என்டிஎஃப்எஸ் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) ஆக இருக்கவேண்டும். எம்கேலிங்க் விஸ்டாவிலிருந்துதான் உண்டு. எக்ஸ்பியில் வேறு கருவி வைத்துப் போடலாம்தான், ஆனால் நான் போட மாட்டேன். அங்கே எக்ஸ்புளோரரில் ஜங்ஷனை டிலீட் செய்தால் டியில் இருக்கும் அசல் ஃபைல்களும் சேர்ந்து போகும். பெரிய கேம், சீடி தொலைந்த பழைய அகராதி, இவற்றுக்கு ஜங்ஷன் சரி. விண்டோஸ் போல்டருக்குள் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

கடைசி வழி பார்ட்டிஷனையே, அதாவது சியையும் டியையும் பிரித்த அளவையே, மாற்றுவது. எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் டியைச் சுருக்கினால் காலி இடம் டியின் வால் பக்கம் விழும். சி வளர, இடம் சிக்கு ஒட்டினாற்போல் வேண்டும். அதனால்தான் எக்ஸ்டென்ட் பட்டன் மங்கிக் கிடக்கிறது. பழைய டிஸ்க்கில் டி எக்ஸ்டென்டட் பார்ட்டிஷனுக்குள் (டிரைவ்களை உள்ளே வைத்திருக்கும் பெரிய பெட்டி மாதிரி) இருந்தால் இன்னொரு சுவர். பார்ட்டிஷன் மாற்றும் ஜிபார்ட்டட் சொஃப்ட்வெயாரைப் பென் டிரைவில் போட்டு பூட் செய்தால் டியையே தள்ளி நகர்த்தலாம். ஆனால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அது எழுதி எழுதித்தான் நகர்த்தும். பழைய ஹார்ட்டில் பல மணி நேரம் பிடிக்கும்.

என் சொந்த மெஷினில் ஒருமுறை அப்படி நகர்த்திக்கொண்டிருந்தேன். பின்னேரம் இடிமழை, கரண்ட் போனது. யுபிஎஸ் இல்லை. திரும்பப் போட்டபோது டியை ஃபோர்மட் பண்ணச் சொல்லிக் கேட்டது. தொலைந்த ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக் கொண்டு தோண்டியதில் அக்காவின் கல்யாணப் படங்கள் வந்தன, பெயரில்லாமல் வெறும் எண்களாக, ஆயிரக்கணக்கில். மாலை மாற்றும் படம் எது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். பேக்கப்பும், நல்ல பெட்டரி உள்ள லெப்டொப்பும் இருந்தால் இந்த வழிக்குப் போங்கள், அதுவும் காலையில்.

டீச்சருடைய மெஷினில் முதலில் ஹைபர்நேட்டை (ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவைத்து மெஷினை அணைக்கும் வசதி) நிறுத்தினேன். 2 ஜிபி ரேமுக்கு அந்த ஒரே ஃபைல் 1.5 ஜிபி பிடித்திருந்தது. அடுத்து டொக்கியூமென்ட்ஸும் படங்களும் டிக்குப் போயின, அது 5 ஜிபி. ஜங்ஷன் தேவைப்படவே இல்லை. டிரைவ் விட்டு டிரைவ் கட் செய்து ஒட்டாமல் கொப்பி செய்து, திறந்து பார்த்து, அப்புறம்தான் பழையதை அழித்தேன். இதற்கு விண்டோஸோடு வரும் ரோபோகொப்பி கட்டளை நல்லது, நடுவில் நின்றாலும் திரும்பப் போட்டால் ஏற்கெனவே முடிந்த ஃபைல்களை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும்.

என்றைக்காவது ஃபோர்மட் அடிக்கத்தான் வேண்டிவரும் என்பதால் ஃபொன்ட்ஸ் போல்டரையும் டியில் ஒரு கொப்பி எடுத்து வைத்தேன். அவருடைய வினாத்தாள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்ட்டில் அடித்தது. அந்த ஃபொன்ட் இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வரும்.