சீனாவில் டீச்சர் வேலை என்று கூப்பிட்டால், முதலில் விசாவின் எழுத்தைக் கேளுங்கள்

போன வாரம் எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. சீனாவில் மழலையர் பள்ளி ஆங்கில ஆசிரியை, மாதம் 14,000 யுவான், தங்குமிடம் இலவசம், ஒரே வாரத்தில் விசா. 2019-இல் நான் பார்த்து ஏமாந்த அதே விளம்பரம். எழுத்துப் பிழைகூட மாறவில்லை. ‘ஆசிரயை’ என்றுதான் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் மூன்று வருடம் வேலை, கடைசியாக வாங்கிய சம்பளம் 13,000 ரூபாய். அப்போது ஒரு யுவான் ஏறக்குறைய பத்து ரூபாய். 14,000 யுவான் என்றால் என்ன என்று கணக்குப் போட எனக்கு எம்.ஏ. தேவைப்படவில்லை. ஏஜென்ட் ஷென்சென் நகரத்தில் இருக்கும் தமிழர். போனில் அவ்வளவு தன்மையாகப் பேசினார். அம்மாவிடமும் பேசினார். “உங்க பொண்ணு என் தங்கச்சி மாதிரிம்மா” என்றார். அம்மா அன்றைக்கே தன் சங்கிலியை அடகு வைக்கச் சம்மதித்துவிட்டார். மொத்தம் 1,80,000 ரூபாய் கொடுத்தோம். ரசீது கேட்கவில்லை. அண்ணன் மாதிரி பேசுகிறவரிடம் எப்படிக் கேட்பது?

விசா கைக்கு வந்தபோது அதில் ‘எம்’ என்று இருந்தது. நெட்டில் தேடிப் பார்த்தேன், அது வியாபார விசா. கேட்டேன். “பயப்படாதம்மா, இங்க எல்லாரும் எம்லதான் வர்றாங்க. வந்து மூணு மாசத்துல இசட்டா மாத்திடலாம்.”

இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். யார் வாயில் வந்தாலும் போனை வைத்துவிடுங்கள்.

எம் விசா என்பது சரக்கு வாங்க, விற்க, கண்காட்சி பார்க்க வருகிறவர்களுக்கானது. அதை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு வேலை பார்த்தால் அது சட்டவிரோத வேலை. வேலைக்கான விசா இசட். அதற்கு வரிசை இருக்கிறது. முதலில் சீனாவில் உள்ள நிறுவனம் உங்கள் பெயரில் பணி அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்க வேண்டும். அதற்குச் சான்றொப்பமிட்ட பட்டம், போலீஸ் நற்சான்று, மருத்துவப் பரிசோதனை எல்லாம் கேட்பார்கள். கடிதம் வந்த பிறகுதான் நம் ஊரில் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். அங்கே போய் இறங்கிய 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். இதெல்லாம் ஒரு வாரத்தில் நடக்கிற காரியமா? என்னிடம் நற்சான்றே கேட்கவில்லை. அப்போது அதை ஏஜென்டின் சாமர்த்தியம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை ஏஜென்ட் வாயே திறக்கவில்லை. சீனாவில் வெளிநாட்டவர் மொழி கற்பிக்க வேண்டுமென்றால் அது அவர்களுடைய தாய்நாட்டின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஆங்கில ஆசிரியர் அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. நீங்கள் ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்திருக்கலாம். பார்ப்பது பாஸ்போர்ட்டின் அட்டையை. இது நியாயமா என்பது வேறு கதை. ஆக, ‘மூணு மாசத்துல மாத்திடலாம்’ என்று அவர் சொன்னபோதே அது மாறாது என்று அவருக்குத் தெரியும்.

மார்ச் நடுவில் போய் இறங்கினேன். இலவசத் தங்குமிடம் நான்ஷான் பகுதியில் பைஷிசோ என்ற இடத்தில். வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பழைய கிராமம் அது. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியே கை குலுக்கலாம் என்பதால் அந்த வீடுகளுக்குக் ‘கை குலுக்கும் கட்டடங்கள்’ என்றே பெயர். பகலிலும் விளக்குப் போட வேண்டும். அந்த வருடம்தான் அங்கே இடிப்பதற்காக வாடகைக்காரர்களைக் காலி செய்யச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு அறையில் மூன்று பேர்: நான், ஒரு பிலிப்பைன்ஸ் பெண், ஒரு உக்ரேன் பெண். உக்ரேன் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் இறந்தகாலமே வராது. அவள் பாடக் குறிப்பை நான்தான் திருத்திக் கொடுப்பேன். சம்பளம் என்னைவிட இரண்டு மடங்கு. தலைமுடி பொன்னிறம், அவ்வளவுதான். நல்ல பெண். அவளும் எங்களைப் போலத்தான், மாணவர் விசாவில் வந்து மாட்டிக்கொண்டவள்.

புதிய முகவரியை 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம். “அதெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றார் ஏஜென்ட். பார்க்கவே இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

காலையில் ஒரு மழலையர் பள்ளி, மாலையிலும் வார இறுதியிலும் ஒரு ஷாப்பிங் மாலின் நான்காவது மாடியில் பயிற்சி மையம். இரண்டும் ஒரே முதலாளியம்மாவுடையது. முதல் நாளே எனக்கு லிசா என்று பெயர் வைத்தார்கள். ஊர் லண்டன். பெற்றோர் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும், அப்பா வழியில்தான் இந்தியா என்று. எனக்கு ஆப்பிள் என்று ஒரு மாணவன் இருந்தான். நான்கு வயது. அங்கே குழந்தைகளுக்கு இப்படித்தான் ஆங்கிலப் பெயர் வைப்பார்கள். அவனைக் கூட்டிப் போக வரும் பாட்டி ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ ஷி நா குவோ ரென்?” என்றார். எந்த ஊர்க்காரி நீ என்று. அந்த அம்மாவின் கை என் அப்பாயியின் கை மாதிரியே சொரசொரவென்று இருந்தது. என்னையறியாமல் ‘யிந்து’ என்று சொல்லிவிட்டேன். இந்தியா. பாட்டி சிரித்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அன்று மாலை முதலாளியம்மா 500 யுவான் பிடித்துக்கொண்டார்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை. வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வரவேற்பறைப் பெண் ஓடி வந்து என் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். சீருடை டீ-ஷர்ட்டின் மேல் தன் ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ஒரு குழந்தையின் தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்து, பெற்றோர் உட்காரும் வரிசையில் உட்கார வைத்தாள். நீல நிறப் பாட்டில், மூடியில் முயல் படம். இரண்டு அதிகாரிகள் உள்ளே வந்தார்கள். சுவரில் இருந்த சான்றிதழ்களைப் பார்த்தார்கள், ஆசிரியர் பட்டியலைக் கேட்டார்கள். நான் அந்த முயலின் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘லிசா லாவ்ஷி’ என்று ஆப்பிள் கூப்பிட்டுவிட்டால் முடிந்தது கதை. லாவ்ஷி என்றால் டீச்சர். அவன் கூப்பிடவில்லை. களிமண்ணில் ஏதோ செய்துகொண்டிருந்தான். வகுப்பறையில் ஆறடி தள்ளி உட்கார்ந்து, நான் டீச்சர் இல்லை என்று நடிப்பதற்குத்தானா பி.எட். படித்தேன் என்று இருந்தது.

சம்பளத்துக்கு வருகிறேன். சொன்னது 14,000. வந்தது 8,000. பள்ளிக்கூடம் எனக்குத் தராது, ஏஜென்டுக்குத் தரும், அவர் வீசாட்டில் (அங்கே நம் வாட்ஸ்அப் மாதிரி, பணமும் அனுப்பலாம்) எனக்கு அனுப்புவார். “மூணு மாசம் பயிற்சிக் காலம்மா, அப்புறம் முழுசா வரும்” என்றார். ஜூன் மாதம் வரவேற்பறைப் பெண் தன் போனில் வேறு எதையோ காட்டும்போது கணக்கு வரி ஒன்று கண்ணில் பட்டது. லிசா, 17,000. என் தலைக்கு மாதம் 9,000 அவருக்குப் போயிருக்கிறது. 1,80,000 ரூபாய் தனி.

இதற்கு நடுவில் ஹாங்காங் ஓட்டம். ஹாங்காங் ஷென்சென்னை ஒட்டியே இருந்தாலும் எல்லை தனி, அங்கே போனாலே சீனாவை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. என் விசாவில் ஒவ்வொரு நுழைவுக்கும் 30 நாள்தான். அது முடிவதற்குள் லுவோஹு எல்லை வழியாக வெளியே போய்த் திரும்பி வர வேண்டும். ஹாங்காங் போக இந்தியர்கள் 2017 ஜனவரியிலிருந்து முன்கூட்டியே ஆன்லைனில் பதிந்துகொள்ள வேண்டும், அதுவும் என் வேலை. ரயிலில் அடுத்த நிறுத்தமான ஷியுங் ஷுய்யில் இறங்கி, ஒரு பால் டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். ஐந்தாவது தடவை 2019 ஆகஸ்டில் வந்தது. போராட்டத்தால் ஹாங்காங் விமான நிலையமே 12, 13 தேதிகளில் முடங்கிய அதே வாரம். ரயில் ஓடுமா, எல்லையை மூடுவார்களா என்று இரவெல்லாம் தூக்கமில்லை. “ஒரு நாள் தாண்டினா என்னம்மா ஆகப்போகுது” என்றார் ஏஜென்ட். நாளுக்கு 500 யுவான் அபராதம் ஆகும், அதுதான் ஆகும்.

திரும்பி வரும்போது சீனப் பக்கத்து அதிகாரி பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஷென்சென்னில் என்ன செய்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஹுவாசியாங்பெய் சந்தையில் மொபைல் கவர் வாங்குகிறேன் என்றேன், சொல்லிக் கொடுத்தபடி. ஒரு கவர் என்ன விலை என்றார். எனக்குத் தெரியவில்லை. இருபது யுவான் என்றேன். மொத்த விலைக்கு வாங்குகிறவள் சொல்லக்கூடிய விலையா அது! அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்திவிட்டார். ஏன் விட்டார் என்று இன்றுவரை புரியவில்லை.

செப்டம்பரில் விசா முடிகிறது. புதுப்பிக்க 6,000 யுவான் கேட்டார் ஏஜென்ட். அந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஆகஸ்ட் சம்பளத்தையும் செப்டம்பரின் பாதியையும் கொடுங்கள், ஊருக்குப் போகிறேன் என்றேன். 12,000 யுவான். தங்கச்சி என்ற பேச்சு அன்றோடு நின்றது.

“போ, போலீஸ்ல போய்ச் சொல்லு. உன்னத்தான் முதல்ல உள்ள வைப்பான்.”

அவர் என்னிடம் சொன்ன ஒரே உண்மை இது. சீனாவின் குடிவரவுச் சட்டம் 2013 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சட்டவிரோதமாக வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். தீவிரமானது என்று கருதினால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு, நாடு கடத்தலும் உண்டு. வேலைக்கு வைத்த நிறுவனத்துக்கு ஆளுக்கு 10,000, மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கு மிகாமல். வேலைக்குச் சேர்த்துவிட்ட தனி நபருக்கு? ஆளுக்கு 5,000 யுவான், மொத்தம் 50,000-க்கு மேல் போகாது. சம்பாதித்த கள்ளப் பணத்தையும் பறிமுதல் செய்யலாம்தான், ஆனால் அது கண்டுபிடித்தால்தானே. என்னை வைத்து அவர் ஒரு மாதத்தில் அடித்ததே 9,000. அபராதம் கட்டினாலும் அவருக்கு லாபம். ஆளைத் தேடித்தேடி எம் விசாவில் கூட்டி வருவதற்குக் காரணமே இதுதான். விசா தவறாக இருந்தால் சம்பளத்தை அவர் திருட வேண்டியதில்லை, நிறுத்தி வைத்தாலே போதும். நம்மால் எங்கேயும் போய்க் கேட்க முடியாது.

முறையான அனுமதியில் இருப்பவருக்குத் தொழிலாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, தகராறு தொடங்கி ஒரு வருடத்துக்குள் போனால் போதும். பணி அனுமதியே இல்லாதவருக்கு ‘தொழிலாளர்’ என்ற தகுதியே இல்லை. நான் விசாரித்துப் பார்த்த வக்கீல் ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிட்டார். பாவம், காசும் வாங்கவில்லை.

லுவோஹு பாலத்தைக் கடைசியாகக் கடந்தபோது கையில் 2,300 யுவான் இருந்தது. அம்மாவின் சங்கிலியை மீட்க இரண்டு வருடம் ஆனது.

சீனாவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஷென்சென்னிலேயே மென்பொருள், தரக் கட்டுப்பாடு, மின்னணு வியாபாரம் என்று இசட்டில் வந்து நிம்மதியாக இருக்கும் நம்மவர்களைப் பார்த்தேன். சர்வதேசப் பள்ளிகளில் கணிதமும் இயற்பியலும் எடுக்கும் இந்திய ஆசிரியர்கள்கூட உண்டு. மற்ற பாடம் எடுக்கலாம், ஆங்கில ஆசிரியர் என்று போட்டு அனுமதி வாங்குவதுதான் குதிரைக் கொம்பு. நல்ல நிறுவனம் அறிவிப்புக் கடிதத்தின் நகலை நீங்கள் கேட்பதற்கு முன்பே அனுப்பும். அதில் உங்கள் பெயர், நிறுவனத்தின் பெயர், பணி மூன்றும் இருக்கும். நிறுவனத்தின் பெயரும் நீங்கள் உண்மையில் வேலை பார்க்கப்போகிற இடமும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு கம்பெனி பெயரில் அனுமதி வாங்கி இன்னொரு இடத்தில் வேலைக்கு விடுவதும் அங்கே நடக்கிறது, அதுவும் சட்டவிரோதம்தான். ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்குக் குடிவரவுத் துறையின் 12367 என்ற எண் இருக்கிறது, ஆங்கிலத்திலும் பேசுவார்கள். 2021-இல்தான் வந்தது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்த வாட்ஸ்அப் விளம்பரத்துக்குக் கீழே ஒரு எண் இருந்தது. புது எண். “எம் விசாவா, இசட் விசாவா?” என்று கேட்டு அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் பதில்: “முதல்ல எம்ல வாங்க மேடம், மூணு மாசத்துல மாத்திடலாம்.”

“அண்ணே, லிசா பேசறேன். என்னோட 12,000 எங்கே?” என்று அனுப்பினேன்.

நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் புரொஃபைல் படம் மறைந்துவிட்டது.